தெருமுனை வரைக்கும் வந்த துக்கம்

அப்படி உற்றுப் பார்க்காதீர்கள் தம்பி. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுதானே யோசிக்கிறீர்கள்? நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் போனில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் செவ்வந்தி மாலை, விறைத்த முகம், கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். போன தை மாதம் ஹெல்மெட் போடாமல் செத்துப்போன நல்லமங்கலம் இலைக்கடை தவசியப்பன் நான்தான்.

பயப்படாமல் சீட்டில் நன்றாக உட்காருங்கள். செத்ததைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் வேறு. எனக்கு ஒரே தம்பி, வெள்ளைச்சாமி. பதினான்கு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவன் என் சாவுக்கு வந்தான். தெருமுனை வரைக்கும் வந்தான். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். இதை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? அவன் உள்ளே வரவேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஆனால் அவனாக வரவேண்டும்.

பேச்சு ஏன் நின்றது என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எங்கள் குலசாமி கோயிலில் மாசி மாதம் கும்பிடு நடக்கும். வீட்டுக்கு மூத்தவனைச் சாமி முன்னால் நிறுத்தித் தலையில் பட்டுத்துணி சுற்றிக் கட்டுவார்கள். பரிவட்டம். எங்கள் அப்பாவுக்குக் கட்டினார்கள், அப்புறம் எனக்குக் கட்டினார்கள். அந்த வருஷம் நான் வண்டியில் கோயிலுக்குக் கிளம்பினேன். ஆற்றுப் பாலத்தில் போலீஸ் நிற்கிறது. அப்போது என்னிடம் லைசென்ஸ் இல்லை. உடனே வண்டியைத் திருப்பி வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போனேன். பதினோரு கிலோமீட்டர். நடுவில் பஞ்சர். இது என் தப்பா? பாலத்தில் நின்றது போலீஸ். ஆணியைப் போட்டது யாரோ. நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச்சாமி தலையில் பரிவட்டத்தோடு நிற்கிறான்.

"ஏண்டா, அண்ணன் இன்னும் வரலையேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரமா சொன்னேண்ணே. நேரம் தப்புதுன்னு பூசாரி கட்டிட்டாரு. இந்தாண்ணே, அவுத்துத் தர்றேன், நீ கட்டிக்க."

பார்த்தீர்களா அவன் கொழுப்பை? அவன் தலையிலிருந்து அவிழ்த்ததை நான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அன்றோடு முடிந்தது. கடை ஒன்றாக இருந்தது, பிரித்தோம். அவன் ஓடைப்புதூர் பஸ் நிறுத்தத்தில் தனியாக இலைக்கடை போட்டுக்கொண்டான். அவன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து ஒரு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. பத்திரிகை தபாலில் வந்தது. நேரில்தான் முதலில் வந்தார், நீதான் வெளியே வரவில்லை என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் இன்றைக்கும் சொல்வாள். நான் பின்கட்டில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடிக்க நேரமானது. ஒரு மாடுதான். இருந்தாலும் நேரமானது.

சரி, ஹெல்மெட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஹெல்மெட் இருக்கிறது. கண்ணாடியில் தொங்கும், முழங்கையில் தொங்கும், பால் கேனுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பாலத்துப் புளியமரத்தடியில்தான் போலீஸ் நிற்கும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தி மாட்டிக்கொள்வார்கள். பாலம் தாண்டிப் பேக்கரி வந்ததும் கழற்றிவிடுவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. பங்கிலிருந்து பேக்கரி வரைக்கும் அரை மைல் தூரம், அதற்குள் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தனுக்கும் மண்டை உடையாது.

போலீஸ் இடம் மாறி நின்றால் அதற்கும் ஏற்பாடு உண்டு. எதிரே வருகிறவன் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக் காட்டுவான். முன்னே பின்னே தெரியாதவனுக்குக்கூடக் காட்டுவான். பெற்ற தகப்பனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவன்கூட இதைச் செய்யத் தவற மாட்டான். எங்கள் ஊரில் ஒற்றுமை இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் மட்டும் ஹெல்மெட் வைத்துக்கொள்ளவில்லை. என் தலையில் துண்டு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எவனோ செய்த சட்டியைக் கவிழ்த்துக்கொள்ளச் சொன்னால் எப்படி? ஃபைன் போட்டால் கட்டுவேன். கட்டிவிட்டு ஊர் போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போவேன். அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. பத்து வருஷமாக இப்படித்தான் நடந்தது.

அன்றைக்குக் காலையில் வண்டியில் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு ஓட்டல்களுக்குப் போகிறேன். எதிரே புரோட்டாக் கடை சிக்கந்தர் வருகிறார். தலையில் கையை வைத்துக் காட்டுகிறார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். வண்டியை மெதுவாக்கி, "தவசிண்ணே, தவசிண்ணே" என்று கூப்பிடவும் செய்தார். நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் என் இலை கிழிந்திருக்கிறது என்று ஒரு கட்டைத் திருப்பி அனுப்பிய ஆள் அவர். அன்றிலிருந்து அவர் கடையில் நான் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. டீயை வாங்காதவன் சைகையை மட்டும் வாங்கிக்கொள்வேனா? முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் போனேன்.

பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். கோகிலா என்று பெயர், புதிதாக வந்தவர். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், பதாகை பிடித்த காலேஜ் பிள்ளைகள் நாலு பேர், கேமராவோடு ஒரு பேப்பர்காரப் பையன்.

"தாத்தா, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

எனக்கு அறுபத்தாறு வயது. தாத்தாவாம்.

"ஃபைனைப் போடும்மா, கட்டிட்டுப் போறேன். இலை வாடுது" என்றேன்.

"இந்த வாரம் ஃபைன் இல்ல தாத்தா. சாலைப் பாதுகாப்பு வாரம். மாலை மட்டும்தான்."

"எனக்கு எதுக்கு மாலை?"

"ஹெல்மெட் இல்லாம இவ்வளவு தூரம் உயிரோட வந்திருக்கீங்கல்ல, அந்தத் தைரியத்துக்கு."

சொல்லிவிட்டு மாலையைப் போட்டுவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ரோட்டில் போனவனெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்க்கிறான். அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பங்க் திருப்பத்தில் மாட்டியது. அவர்கள் சிரிக்கிறார்கள். தம்பி, ஃபைன் போட்டால் போலீஸைத் திட்டலாம். மாலை போட்டால் யாரைத் திட்டுவது? அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

"கொஞ்சம் சிரிங்க பெரியவரே" என்றான் பேப்பர்காரப் பையன்.

"போலீசுக்கு முன்னாடி நான் சிரிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு விறைப்பாக நின்றேன். அந்த விறைப்புதான் வினையாகிவிட்டது.

இலையை அவசரமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் தோட்டத்து மோட்டார் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். போனை அணைத்துவிட்டேன். எவன் முகத்தில் விழிப்பது? அப்படியே தூங்கிவிட்டேன்.

அதற்குள் என்ன நடந்தது என்பதை அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யார் யாருக்கு அனுப்பினான் என்பதுவரை வரிசையாகச் சொல்வேன். மறக்க மாட்டேன். கான்ஸ்டபிள் ஒழுங்காகத்தான் எழுதிப் போட்டிருக்கிறார், ஹெல்மெட் போடாமல் வந்தவருக்கு மாலை மரியாதை என்று. மார்க்கெட் குரூப்பில் ஒருத்தன் அதைச் சுருக்கியிருக்கிறான். மேலே என் போட்டோ. கீழே 'இலைக்கடை தவசியப்பன், ஹெல்மெட் போடாததால்' என்று மட்டும். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரன் போட்டோவில் மாலையைப் பார்த்தால் எழுத்தைப் படிக்க மாட்டான். முதலில் கும்பிட்டுவிடுவான். ஒருத்தன் கும்பிட்டால் அடுத்தவன் கும்பிடாமல் இருந்தால் தப்பாகிவிடும். பன்னிரண்டு மணிக்குள் இருநூறு பேர் கும்பிட்டுவிட்டார்கள்.

நான் இரண்டு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் சாமியானா லாரி நிற்கிறது. ஒருத்தன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"யார் வீட்டுல விசேஷம்?" என்று கேட்டேன்.

"விசேஷம் இல்லீங்க, கேதம். இலைக்கடைக்காரராம். ஹெல்மெட் போடாம போயி மண்டையில அடியாம். நல்ல மனுசனாம்."

"நல்ல மனுசன்னு யாருய்யா சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. பொதுவா சொல்றதுதானே."

வாசலில் கூட்டம். என்னைப் பார்த்ததும் அழுகை, பாட்டை நிறுத்தின மாதிரி நின்றது. பேச்சியம்மாள் தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள். வந்து என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஒன் மருமகன் தேடிக்கிட்டுத் திரியிறான், நீ எங்கய்யா போய்க் கெடந்த?" என்று கத்தினாள். அப்புறம் காலில் விழுந்தாள். அப்புறம் மறுபடியும் குத்தினாள்.

வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? காப்பி போடச் சொன்னேன். இறக்கிய நாற்காலியில் ஒன்றைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்ததில் யார் நிஜமாக அழுதார்கள் என்று பேச்சியம்மாளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சிக்கந்தர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். "மூணு தடவ கை காட்டினேனேண்ணே, நீங்க பாக்கலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வந்தது வந்ததுதான், மறுக்கவில்லை. டீ விஷயம் வேறு, அது அப்படியேதான் இருக்கிறது.

மூன்று மணி இருக்கும். தெருமுனையில் வெள்ளைச்சாமி வந்து நின்றான்.

வெறுந்தலை. சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தான். வண்டியில் ஒரு பெரிய மாலை. கையில் கோடித் துணி. செத்தவன்மேல் போர்த்த உடன்பிறந்தவன் வாங்கி வருகிற புதுத்துணி அது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறான். நான் கையில் காப்பி டம்ளரோடு அவனைப் பார்க்கிறேன். கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைத்தால்தான் வரவேண்டும். சாவுக்கு அழைப்பு வேண்டாம், பேச்சு இல்லாதவனும் வரலாம். வந்து மாலையைப் போட்டு, கோடியைப் போர்த்தி, ஒரு மூச்சு அழுதுவிட்டால் பழசெல்லாம் அதோடு போய்விடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எத்தனையோ குடும்பத்துப் பகை அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. ஆனால் செத்தவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"கூப்பிடுய்யா. ஒன் தம்பிய்யா" என்றாள் பேச்சியம்மாள்.

"நான் எதுக்குக் கூப்பிடணும்? என்னையக் கேட்டா வந்தான்? அவனா வந்தான், அவனா உள்ள வரட்டும்."

"அவரு நிக்கிற நிலையப் பாருய்யா."

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கால் மணி நேரம் நின்றான். அப்போது சாமியானாக்காரன், "அண்ணே, லாரி பின்னால எடுக்கணும், வண்டியக் கொஞ்சம் எடுங்க" என்று அவனிடம் சொன்னான். இவன் வண்டியைத் திருப்பினான். திருப்பின வண்டி அப்படியே போய்விட்டது. கேதத்துக்கு வாங்கின மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது அல்லவா, லாரியின் பின்கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். கோடித் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதை என்ன செய்தானோ.

ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம் இன்னும் நின்றிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள். ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவன் போன பின்னால் அந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிருங்க தாத்தா. உங்க தம்பி சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரியும். ஹெல்மெட் இல்லாம வந்தாரு, நிறுத்தினேன். எங்கண்ணன் செத்துட்டாரும்மான்னு ரோட்டுலயே உக்காந்துட்டாரு. போட்டோவக் காட்டுனாரு. ஐயோ, இவரு உயிரோடதான் இருக்காரு, காலைல நான்தானே மாலை போட்டேன்னு சொன்னேன். என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு."

கவனித்தீர்களா தம்பி? நான் உயிரோடு இருக்கிறேன் என்று பாலத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வந்திருக்கிறான். எதற்கு? போலீஸ் சொன்னதை நம்பாமல் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான். எனக்குத் தெரியாதா அவனை?

அந்த அம்மாள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "தாத்தா, இன்னிக்கு மத்தியானம் ஒரு ஆள்கூட வெறுந்தலையோட பாலத்தத் தாண்டல. உங்க தம்பி ஒருத்தர்தான். பேக்கரி தாண்டியும் கழட்டாமப் போறாங்க. ஊர்க் கடைல ஹெல்மெட்டே தீந்து போச்சாம்."

"அப்ப நான் செத்தது நல்லதுங்கிறியா?"

"அப்படிச் சொல்லல தாத்தா. பொழுது சாயிற வரைக்குமாவது தோட்டத்துலயே இருந்திருக்கலாம்."

இவ்வளவு காலம் போட்ட ஃபைனால் நடக்காதது என் சாவால் அரைநாளில் நடந்திருக்கிறது. அதற்கு ஒரு நன்றி உண்டா? நான் பிழைத்துக்கொண்டேன் என்று தெரிந்ததும் மறுநாள் காலை எல்லா ஹெல்மெட்டும் முழங்கைக்குப் போய்விட்டது. என்னைப் பார்க்கும்போது சில பேர் முகத்தில் ஒரு சலிப்புகூட இருந்தது, வீணாகச் செலவு வைத்துவிட்டேன் என்று.

மருமகன் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிவப்புக் கலர், நல்ல கனம். போட்டுப் பார்த்தேன். உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போடவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். மாலைக்குப் பயந்துவிட்டான் தவசி என்று ஊர் சொல்லும் என்றேன். அது அவர்களுக்குச் சொன்ன காரணம். நீங்கள் வழிப்போக்கர், உங்களிடம் சொல்கிறேன். என் வெறுந்தலையைப் பார்த்து ஒரு தரம் மாலை விழுந்தது, என் தம்பி தெருமுனை வரைக்கும் வந்தான். இன்னொரு தரம் விழுந்தால் வீடு வரைக்கும் வரமாட்டானா? இந்தத் தடவை நாற்காலி போட மாட்டேன். உள்ளேயே படுத்திருப்பேன். காப்பியும் குடிக்க மாட்டேன்.

அதனால் தினமும் பாலத்து வழியாகத் துண்டைக்கூடக் கழற்றிவிட்டு வெறுந்தலையோடு போனேன். போலீஸ் பார்க்கிற மாதிரி மெதுவாகப் போனேன். சில நாள் இரண்டு தரம் போனேன். எதிரே வருகிறவர்கள் தலையில் கைவைத்துக் காட்டுவார்கள், நான் தலையாட்டிவிட்டு நேராகப் போவேன். ஆனால் கோகிலா அம்மாளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாலத்தில் கேமரா வைத்துவிட்டார்கள். அது என்ன மாலையா போடும்? மருமகன் போனுக்குப் போட்டோ அனுப்பும். அதில் என் முகம்கூட இல்லை, நம்பர் பிளேட்டும் முதுகும்தான் இருக்கிறது. அந்த முதுகைப் பார்த்து எவன் கும்பிடுவான்? இருபத்திரண்டு போட்டோ வந்தது. கடைசியில் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்துவிட்டார்கள். வண்டிச் சாவியைப் பேச்சியம்மாள் எங்கேயோ ஒளித்துவிட்டாள். இலை பார்க்க இந்தப் பஸ்ஸில் போய்வருகிறேன்.

இதோ, ஓடைப்புதூர் வருகிறது. தம்பி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். பச்சைத் தார்ப்பாய் போட்ட கடை தெரிகிறதா? வாசலில் ஒருத்தன் நிற்கிறானா? அவன்தான். தினமும் இந்தப் பஸ் வருகிற நேரத்துக்கு யாவாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறான். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறான். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வண்டியில் போன அண்ணன் இப்போது பஸ்ஸில் போகிற கேவலத்தைப் பார்க்கத்தான். முந்தாநாள் பஸ்ஸில் ஏறிக்கூடப் பார்த்தான். நான் சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

என்ன சொன்னீர்கள்? நான் இறங்கிப் போவதா? படித்தவர் பேசுகிற பேச்சா இது? செத்தது நான் தம்பி. சாவு விழுந்தது என் வீட்டில். அவன்தான் வந்து துக்கம் கேட்கவேண்டும். செத்தவன் வீடு தேடிப் போய் என் சாவுக்கு வா என்று கூப்பிடுவானா?

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்கிறது. நான் திரும்ப மாட்டேன், நீங்கள் பாருங்கள். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். போய்விட்டானா, இன்னும் நிற்கிறானா?